குட்டிநாய்களின் கழிச்சல்: காரணத்தைச் சோதித்தறியும் வசதி நம் மாவட்டங்களுக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தெருநாய்ப் பெருக்கம், வெறிநோய், பட்டிகளில் ஆடுகள் கடிபட்டுச் சாவது ஆகியவற்றைப் பற்றித் தங்கள் நாளிதழில் அடிக்கடி செய்திகள் வருகின்றன. வர வேண்டியவைதான். ஆனால் காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கங்களில் அதே பட்டிகளையும் சாளைகளையும் இரவெல்லாம் காத்துக் கிடக்கும் வளர்ப்பு நாய்களின் குட்டிகள், ஓடியாடத் தொடங்கும் பருவத்தில் ரத்தக் கழிச்சல் கண்டு, ஓர் ஈற்றில் பிறந்தவை ஒன்றுகூட மிஞ்சாமல் போவதைப் பற்றி எங்கும் பேச்சில்லை. மருத்துவ ஆய்வகத்தில் நெடுங்காலம் நுட்பநராகப் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது தோட்டத்தில் நாய்களோடும் ஆடுகளோடும் வாழ்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். குட்டிக்குக் கழிச்சல் வந்தால் அதற்குக் காரணம் எந்த வைரஸ், அல்லது வைரஸே இல்லாத வேறொன்றா என்று சோதித்துச் சொல்லும் ஏற்பாடு, மாட்டுக்கும் கோழிக்கும் இருப்பதுபோல நாய்க்கும் மாவட்ட அளவில் வேண்டும் என்பதே என் கோரிக்கை.

எங்கள் பக்கத்தில் குட்டி இரண்டு முறை தண்ணியாகக் கழிந்தாலே, "பார்வோ வந்துருச்சுங்க, இனித் தாங்காது" என்று, குட்டிகளைக் கொல்லும் ஒரு வைரஸின் பெயரைச் சொல்லி முடிவு கட்டிவிடுகிறார்கள். சிலர் மாதுளை ஓட்டை அரைத்து மோரில் கலக்கிப் புகட்டுகிறார்கள். சிலர் மருந்துக்கடையில் மனிதர்களுக்கான பேதி மாத்திரையை வாங்கி உடைத்துக் கொடுக்கிறார்கள். வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும் குட்டியின் வாயைப் பிளந்து எதை ஊற்றினாலும் அது மூச்சுக்குழலுக்குள் இறங்கக்கூடும்; குடலின் அசைவை நிறுத்தும் மாத்திரையோ, வெளியேற வேண்டிய கிருமியையும் நச்சையும் உள்ளேயே தங்க வைத்துவிடக்கூடும். மருத்துவரிடம் கொண்டு போகிறவர்களுக்கும் பெரும்பாலும் கிடைப்பது குளுக்கோஸும் ஊசியும்தான். அது தவறு என்று நான் சொல்லவில்லை. நீர் வற்றிப்போன குட்டிக்கு முதலில் நீர்தான் ஏற்ற வேண்டும். ஆனால் நீர் ஏற்றுவதோடு விவகாரம் முடிந்துவிடுகிறது. என்ன நோய் என்ற கேள்வி கேட்கப்படாமலே போகிறது.

அந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பதற்கு எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஓர் ஈற்றுக் குட்டிகள் கறுத்துப் பிசுபிசுத்த கழிச்சலோடு எழுந்து நிற்க முடியாமல் கிடந்தன. பார்வோ என்று சொல்லி, குழி வெட்டாத குறையாக எல்லோரும் கைவிட்டுவிட்டார்கள். குட்டியின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தபோது ஈறு அடியோடு வெளுத்திருந்தது; உடம்பில் காய்ச்சல் இல்லை; வாந்தியும் இல்லை. கால்நடை மருத்துவரின் மேசையிலிருந்த நுண்ணோக்கியில், உப்புக் கரைசல் ஒரு சொட்டில் மலத்தைத் துளி கரைத்து வைத்துப் பார்த்தோம். மெல்லிய ஓடும், உள்ளே பிரிந்துகொண்டிருக்கும் உயிரணுக்களுமாகக் கொக்கிப்புழுவின் முட்டைகள் பார்வைப் பரப்பெங்கும் கிடந்தன. கொக்கிப்புழு தாயின் பால் வழியாகவே குட்டிகளுக்குப் போய்ச் சேர்ந்து, குடல் சுவரைக் கடித்து ரத்தம் குடிப்பது. புழுநீக்க மருந்தும் இரும்புச்சத்தும் கொடுத்த பிறகு அவை தேறின. வைரஸே இல்லாத ஒரு நோய்க்கு வைரஸின் பெயரைச் சூட்டியதால் அவை செத்திருக்கும். உருண்டைப்புழு, காக்சிடியா, ஜியார்டியா ஆகிய குடல் ஒட்டுண்ணிகளும் குட்டிகளைக் கழிய வைப்பவையே. அவற்றையும் நுண்ணோக்கி காட்டிக்கொடுக்கும். ஆகவே வைரஸைத் தேடும் வேலை, வைரஸ் அல்லாததை விலக்குவதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இனி பார்வோவுக்கு வருகிறேன். நாய்களுக்கான இந்த வைரஸ் 1978-ஆம் ஆண்டில் அடையாளம் காணப்பட்டு, மிகக் குறுகிய காலத்தில் உலகெங்கும் பரவியது. பூனைகளைத் தாக்கும் பான்லூக்கோபீனியா வைரஸுக்கு இது மிக நெருங்கிய உறவு. நம் நாட்டில் 1980-களின் தொடக்கத்திலேயே சென்னையில் இது பதிவு செய்யப்பட்டது. உடலில் எங்கெல்லாம் உயிரணுக்கள் வேகமாகப் பெருகுகின்றனவோ அங்கெல்லாம் இது போய்த் தங்கும்: குடலின் உட்பரப்பைப் புதுப்பிக்கும் அணுக்கள், எலும்பு மஜ்ஜை, நிணநீர்த் திசுக்கள். அதனால்தான் ஒரே நேரத்தில் குடல் உரிந்து ரத்தம் போகிறது. நோயை எதிர்க்க வேண்டிய வெள்ளை அணுக்களும் குறைந்துவிடுகின்றன. மிக இளங்குட்டிகளில் இதயத் தசையையும் தாக்கும். சிகிச்சையே இல்லாவிட்டால் 10 குட்டிகளில் 9 சாகும். உரிய நேரத்தில் தீவிர சிகிச்சை கிடைத்தால் 8 அல்லது 9 பிழைக்கும். இந்த வேறுபாட்டைத் தீர்மானிப்பது முதல் ஓரிரு நாள்கள்தான்.

இதைக் கண்டறியப் பெரும்பாலான மருத்துவமனைகளில் இன்று இருப்பது கையடக்கமான டெஸ்ட் கிட். குட்டியின் ஆசனவாய்க்குள் பஞ்சுக் குச்சியை விட்டுச் சுழற்றி எடுத்து, கிட்டோடு வரும் கரைசலில் நன்றாகக் கலக்கி, கசடு அடியில் படிந்த பிறகு மேலே தெளிந்ததிலிருந்து சில சொட்டு விட்டால், பத்து நிமிடத்துக்குள் கோடு விழும். ஒரு கோடு, சோதனை ஒழுங்காக நடந்தது என்பதைக் காட்டும். இரண்டாவது கோடு, வைரஸின் புரதம் இருக்கிறது என்பதைக் காட்டும். கசடு படியும் வரை பொறுக்காமல் கலங்கலாகவே சொட்டு விடுவதால் பட்டை அடைத்துக்கொண்டு, கோடே விழாமல் கிட் வீணாவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இந்த ஒரு நிமிடப் பொறுமையைப் பயன்படுத்துவோருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

கிட்டில் இரண்டு கோடு விழுந்தால், குட்டிக்கு அண்மையில் தடுப்பூசி போடப்படாத வரை, பார்வோ என்று பெரும்பாலும் நம்பலாம். ஒரே கோடு விழுந்தால் பார்வோ இல்லை என்று நம்பவே கூடாது. நான் இந்தக் கடிதத்தில் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். குட்டி நோய்ப்படுவதற்குச் சில நாள் முன்பே வைரஸ் மலத்தில் வெளிவரத் தொடங்கி, நோய் வெளிப்பட்ட பிறகு உச்சத்தை அடைந்து, பின்னர் வேகமாகக் குறைந்துவிடும். தாமதமாகக் கொண்டுவரப்பட்ட குட்டியின் மலத்தில் கிட்டுக்கு எட்டும் அளவு வைரஸ் இருக்காது. குடலுக்குள் உருவாகும் எதிர்ப்புப் புரதங்கள் வைரஸைப் போர்த்திக்கொண்டாலும் கிட்டின் கண்ணுக்கு அது தப்பிவிடும். கழிச்சல் வெறும் தண்ணியாகப் போகும்போது மாதிரியே நீர்த்துவிடுவதும் உண்டு. கயிறு எட்டவில்லை என்பதற்காகக் கிணறு வற்றிவிட்டது என்று ஆகிவிடாது. ஆனால் நடப்பதென்ன? ஒரு கோடு விழுந்ததும், "பார்வோ இல்லீங்க, கூட்டிட்டுப் போங்க" என்று அனுப்பப்பட்ட குட்டி, வீட்டில் மற்றக் குட்டிகளோடு ஒரே சாக்கில் படுத்து எல்லாவற்றுக்கும் நோயைக் கொடுத்துவிடுகிறது.

இப்படி ஒரு கோடு மட்டும் விழுந்த குட்டி ஒன்றின் ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்துச் சாயமேற்றிப் பார்த்தேன். வழக்கமாக ஒவ்வொரு பார்வைப் பரப்பிலும் எளிதில் கண்ணில் படும் வெள்ளை அணுக்களை, அந்தத் தகட்டில் நகர்த்தி நகர்த்தித் தேட வேண்டியிருந்தது. அதைப் பார்த்த மருத்துவர், கிட் சொன்னதை ஒதுக்கிவிட்டு, பார்வோ என்றே கருதி அந்தக் குட்டியைத் தனியே வைத்துச் சிகிச்சை கொடுத்தார். வெள்ளை அணுக்கள் குறைந்திருப்பதே பார்வோவுக்கு முழுச் சான்று ஆகாது; கடுமையான வேறு தொற்றுகளிலும் குறையும். ஆனால் தடுப்பூசி போடாத, காய்ச்சலும் வாந்தியும் ரத்தக் கழிச்சலும் உள்ள குட்டியில் அது வலுவான சாட்சி. இதற்குத் தேவைப்பட்டவை ஒரு சொட்டு ரத்தம், ஒரு கண்ணாடித் தகடு, கொஞ்சம் சாயம், ஒரு நுண்ணோக்கி. இவை இல்லாத வட்டாரம் கொங்கு நாட்டில் இல்லை.

பார்வோவைத் தவிர வேறு வைரஸ்களும் உண்டு. நாய்களுக்கான கொரோனா வைரஸ் 1971-இல் ஜெர்மனியில் ராணுவ நாய்களிடமிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. அது மனிதர்களுக்கு வந்த கோவிட் வைரஸ் அல்ல. அதே குடும்பத்தின் வேறொரு கிளை. தனியே வந்தால் பெரும்பாலும் லேசான கழிச்சலோடு போய்விடும். பார்வோவோடு சேர்ந்து வந்தால் நோய் கடுமையாகும். ரோட்டா வைரஸ் மிக இளங்குட்டிகளில் வந்து பெரும்பாலும் தானே அடங்கும். டிஸ்டெம்பர் அப்படியல்ல. மனிதர்களின் தட்டம்மை வைரஸுக்கு உறவான இது, கழிச்சலோடு தொடங்கினாலும் கண்ணிலும் மூக்கிலும் சளி கட்டி, இருமல் வந்து, பிறகு நரம்பைப் பிடித்து வெட்டி வெட்டி இழுக்கும். கழிச்சலை மட்டும் வைத்துக் கண்ணால் பார்த்து இவற்றைப் பிரிக்க இயலாது. டிஸ்டெம்பரைத் தேட மலம் மட்டும் போதாது. கண்ணின் உள்ளிமையிலிருந்தும் மாதிரி எடுக்க வேண்டும் என்பதைக்கூட அறியாமல் மாதிரிகள் அனுப்பப்படுகின்றன.

இவற்றை ஐயமறப் பிரிப்பது பி.சி.ஆர். சோதனை. கிட் வைரஸின் புரதத்தைத் தேடுகிறது, பி.சி.ஆர். அதன் மரபுப்பொருளையே பல மடங்கு பெருக்கிக் காட்டுவதால், கிட்டுக்கு எட்டாத அளவையும் கண்டுவிடும். பார்வோ டி.என்.ஏ. வைரஸ் என்பதால் நேரடியாகவே பெருக்கலாம். கொரோனா, ரோட்டா, டிஸ்டெம்பர் ஆகியவை ஆர்.என்.ஏ. வைரஸ்கள், அவற்றுக்குக் கோவிட் காலத்தில் ஊரெல்லாம் கேள்விப்பட்ட ஆர்.டி.பி.சி.ஆர். வேண்டும். பார்வோவில் 2ஏ, 2பி, 2சி என்ற மாறுபட்ட வகைகள் உண்டு. வைரஸின் மேலுறைப் புரதத்தில் 426-ஆம் இடத்திலுள்ள அமினோ அமிலத்தைக் கொண்டு அவற்றைப் பிரிக்கிறார்கள். மூன்றுமே இந்தியாவில் பதிவாகியுள்ளன. நம் மாவட்டங்களில் இப்போது சுற்றுவது எது என்பதை அறிய, நம் மாவட்டங்களின் மாதிரிகளைத்தான் சோதிக்க வேண்டும். பி.சி.ஆர். மிக நுட்பமானது என்பதே சில வேளைகளில் இடைஞ்சலும் ஆகும்: உயிருள்ள வைரஸைப் பலவீனப்படுத்திச் செய்த தடுப்பூசியைப் போட்ட சில நாள்களுக்கு அந்தத் தடுப்பூசி வைரஸே மலத்தில் வெளிவந்து 'உண்டு' என்று காட்டக்கூடும். ஆகவே குட்டிக்குக் கடைசியாக எப்போது தடுப்பூசி போடப்பட்டது என்பதை மாதிரியோடு எழுதி அனுப்புவதும், முடிவில் வைரஸின் அளவையும் சேர்த்துத் தெரிவிப்பதும் கட்டாயமாக்கப்பட வேண்டும்.

பி.சி.ஆர். எந்திரம் இல்லாத இடத்தில் செய்யத்தக்க பழைய முறை ஒன்று இருக்கிறது. பன்றியின் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும் குணம் பார்வோ வைரஸுக்கு உண்டு. தெளிவித்த மலக் கரைசலைப் படிப்படியாக நீர்க்கச் செய்து தட்டின் குழிகளில் ஊற்றி, கழுவிய பன்றிச் சிவப்பணுக்களைச் சேர்த்து 4 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்தால், வைரஸ் உள்ள குழியில் அணுக்கள் பரந்து படர்ந்து நிற்கும். இல்லாத குழியில் அடியில் சிவப்புப் பொட்டாகத் திரண்டு விழும். ஒட்டியது பார்வோவால்தானா என்பதை அதற்குரிய எதிர்ப்புச் சீரத்தை (பார்வோவுக்கான எதிர்ப்புப் புரதங்கள் உள்ள ரத்த நீரை) சேர்த்து உறுதி செய்ய வேண்டும். பி.சி.ஆர். அளவுக்கு நுட்பமில்லை என்றாலும், குளிர்பதனப் பெட்டியும் பயிற்சி பெற்ற கைகளும் உள்ள எந்த ஆய்வகத்திலும் இது நடக்கும்.

"எந்த வைரஸாக இருந்தாலும் கொடுப்பது குளுக்கோஸ்தானே, சோதித்து என்ன ஆகப் போகிறது" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். கொக்கிப்புழுக் குட்டிகளே அதற்கு ஒரு பதில். அதைவிடப் பெரிய பதில், குட்டி செத்த பிறகு அந்த இடத்தைப் பற்றியது. டிஸ்டெம்பர் வைரஸ் வெயிலிலும் சோப்பு நீரிலும் விரைவில் அழிந்துவிடும். பார்வோவுக்கு மேலே கொழுப்புறை இல்லாததால் நிழலான மண்ணில் மாதக்கணக்கில், ஓராண்டு வரைகூடக் கிடக்கும்; நாம் வழக்கமாக ஊற்றும் பினாயிலை நம்ப முடியாது. மலத்தையும் அழுக்கையும் முற்றிலும் கழுவி நீக்கிய பிறகு, 5 விழுக்காட்டுச் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் ஒரு பங்குக்கு முப்பது பங்கு நீர் சேர்த்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊற விட வேண்டும். மண்தரையில் அதுவும் முழுப் பயன் தராது. எனவே எந்த வைரஸால் குட்டி செத்தது என்று தெரியாதவர், அடுத்த மாதமே சந்தையிலிருந்து இன்னொரு குட்டியை வாங்கி வந்து அதே மூலையில் கட்டுகிறார், அதுவும் போகிறது. செருப்பிலும் சாக்கிலும் ஒட்டிக்கொண்டு நோய் பக்கத்துத் தோட்டத்துக்கும் போகிறது. இந்த வைரஸ் மனிதர்களுக்கோ ஆடு மாடுகளுக்கோ வராது. பூனைகளுக்கு வரக்கூடும். இதை இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தங்களுக்கும் தொற்றிவிடும் என்று பயந்துபோய்க் குட்டிகளை ரோட்டோரம் கொண்டுபோய் விடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

தடுப்பூசி போட்டும் செத்தது என்ற புகாருக்கும் சோதனை இல்லாமல் விடை காண முடியாது. சீம்பால் வழியாகத் தாய் கொடுத்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும் வரை தடுப்பூசியை வேலை செய்ய விடாது. அது குறையும் காலம் குட்டிக்குக் குட்டி வேறுபடும். அதனால்தான் உலகச் சிறுபிராணி கால்நடை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டு நெறிகள், 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி 2 முதல் 4 வார இடைவெளியில் 16 வாரம் நிறையும் வரை போடச் சொல்கின்றன. ஒரே ஊசியோடு நிறுத்தியதால் செத்ததா, வேறு நோயால் செத்ததா, மருந்து வெயிலில் கெட்டுப்போயிருந்ததா என்பதை அறிய மாதிரி கையில் இருக்க வேண்டும்.

வசதி இல்லாத நாடல்ல இது. நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. உடுமலைப்பேட்டையிலும் சேலம் மாவட்டம் தலைவாசலிலும் 2020-இல் கல்லூரிகள் வந்துள்ளன. மாவட்டங்களில் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுகள் இருக்கின்றன. ஆனால் எங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் ஒரு குட்டியின் மலத்தைக் கொடுத்தால் அது இவற்றில் ஓரிடத்துக்குக் கெடாமல் போய்ச் சேர்ந்து, முடிவு திரும்பி வரும் என்ற ஏற்பாட்டை நான் கண்டதில்லை. ஆர்.என்.ஏ. வைரஸ்கள் வெயிலில் சிதைந்துவிடும். பங்குனி, சித்திரை வெயிலில் பேருந்தில் பையில் வைத்துக் கொண்டுபோன மாதிரியில் 'இல்லை' என்று வரும் முடிவுக்குப் பொருளே இல்லை. மாடுகளுக்குக் கோமாரித் தடுப்பூசியை ஊருக்குள் கொண்டுவரும் அதே வண்டியில், திரும்பிப் போகும்போது நன்றாக மூடி முத்திரையிட்ட நாய் மாதிரிகளை அதற்கென ஒதுக்கிய தனி ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பலாம். கழிச்சல் தொடங்கிய முதல் ஓரிரு நாளில் எடுத்த மாதிரியாக, ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவம் சேர்க்காததாக இருந்தால் போதும்.

ஆகவே கால்நடை பராமரிப்புத் துறையைக் கேட்டுக்கொள்வது இது. மருந்தகங்களில் கிட்டையும் பஞ்சுக் குச்சிகளையும் வைத்து, கிட் 'இல்லை' என்று காட்டிய குட்டிகளின் மாதிரிகளைத் தவறாமல் மேல்சோதனைக்கு அனுப்ப வேண்டும். மலத்தையும் ரத்தத்தையும் நுண்ணோக்கியில் பார்க்கும் வேலையை மாவட்டப் புலனாய்வுப் பிரிவுகளும், பி.சி.ஆர். சோதனையைக் கல்லூரிகளும் ஏற்க வேண்டும். நியாயமான கட்டணம் வாங்கட்டும். ஆட்டுப் பட்டிக்கு நாய் எவ்வளவு வேண்டியது என்று அறிந்தவர்கள் கொடுக்கத் தயங்க மாட்டார்கள். எந்த வட்டாரத்தில் எந்த வைரஸ் காணப்பட்டது என்பதை மாதந்தோறும் வெளியிட்டால், அந்த வட்டார மருத்துவர்கள் தடுப்பூசியை முன்கூட்டியே முடுக்கிவிட முடியும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். வெறிநோய்த் தடுப்பூசி முகாம், மாடுகளுக்கான கோமாரித் தடுப்பூசி முகாம் ஆகியவற்றின் நாளையும் இடத்தையும் மாவட்டப் பக்கத்தில் வெளியிடுகிறீர்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், சேலம் மாவட்டங்களில் நாய்க்குட்டிகளின் மாதிரிகளை எந்த ஆய்வகம், எந்த நாளில், என்ன கட்டணத்துக்கு ஏற்றுக்கொள்கிறது என்பதைத் துறையிடமும் கல்லூரிகளிடமும் கேட்டு அதே பக்கத்தில் போடுங்கள். குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு எங்கே போவதென்று தெரியாமல் மூன்று நாள் கடத்துகிறவர்கள், முதல் நாளே போய்ச் சேர்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வக நுட்பநர்,
காங்கயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.